ஒரு நொடியில் தெரியும் குரல்

பொழியூரில் காலையில் மீன் விற்க வரும் பெண்கள் நீட்டி முழக்கிக் கூவுவதில்லை. "மீனேய்..." என்று ஒரே சொல். அதிலும் அந்தக் கடைசி 'ஏ' மட்டும்தான் தெருக்கோடி வரை வந்து சேரும். சாளையா, அயிலையா, நெத்திலியா என்பதெல்லாம் சருவத்தைத் தலையிலிருந்து இறக்கிய பிறகு பேசிக்கொள்ள வேண்டியது. அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும் என் அம்மா தலையைத் தூக்காமலே சொல்லிவிடுவாள்: "இது நம்ம எக்கா இல்ல, மத்தவளாக்கும். கொஞ்சம் பொறு."

ஒருநாளும் தப்பியதில்லை. இரண்டு பேரும் கூவுவது ஒரே சொல், ஏறக்குறைய ஒரே சுருதி, ஒரே நெடில். இடையில் ஓலைப்புரை, மதில், கடற்காற்று. இவ்வளவையும் தாண்டி அரை நொடியில் அம்மாவின் காதில் விழும் அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது?

வானொலியில் பாட்டு தொடங்கி முதல் சொல் முடிவதற்குள் "ஜானகி", "ஈஸ்வரி", "சித்ரா" என்று நாம் சொல்லிவிடுவதும் இதே வித்தைதான். பாட்டு தெரியாது, படம் தெரியாது, ஆள் மட்டும் தெரியும்.

தொண்டையில் விரலை வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று சொல்லிப் பாருங்கள். விரலில் ஒன்றும் தெரியாது. அப்படியே 'ம்ம்ம்' என்று மாற்றுங்கள். விரல்நுனியில் வண்டு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு. அந்த இடத்தில்தான் குரல்நாண்கள் இருக்கின்றன. நாண் என்ற பெயர் வீணைத் தந்தியை நினைக்க வைக்கும். உண்மையில் அவை உதடுபோன்ற இரண்டு சதை மடிப்புகள். உள்ளே தசை, மேலே கூழ்போல நெகிழும் மெல்லிய உறை. பெண்களுக்கு நீளம் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர். ஆண்களுக்கு அதைவிடச் சில மில்லிமீட்டர் கூடுதல். இந்தச் சில மில்லிமீட்டரை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அது வேலை செய்யும் விதத்தை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது எளிது, ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. பொழி என்றால் ஆற்றுநீர் கடலைச் சேரும் வாய். கடல் மணலைக் கொண்டுவந்து குவித்து அந்த வாயை மூடிவிடும். பின்னால் நீர் பெருகி அழுத்தம் ஏறினால் மணல்திட்டு உடைந்து நீர் பாயும். பொழி முறிந்தது என்போம். அழுத்தம் தணிந்ததும் கடல் மறுபடி மணலைக் குவிக்கும். தொண்டையிலும் மடிப்புகள் மூடியிருக்கின்றன, கீழிருந்து மூச்சு முட்டுகிறது, திறக்கிறது, ஒரு கொத்துக் காற்று தப்புகிறது, சதையின் இழுவையும் காற்றோட்டத்தின் அழுத்தக் குறைவும் சேர்ந்து மறுபடி மூடுகின்றன. எங்கள் பொழி முறிய ஒரு மழைக்காலம் வேண்டும். பேசிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் தொண்டையில் இது நொடிக்குச் சுமார் 200 முறை நடக்கிறது. ஒரு மணி நேரம் விடாமல் பேசினால் ஏழு லட்சத்து இருபதாயிரம் முறை.

இதை முதலில் கண்ணால் பார்க்க வழி கண்டவர் மருத்துவர் அல்ல, பாட்டு வாத்தியார். மானுவல் கார்சியா என்ற ஸ்பானியப் பாடகர் 1854இல் பல்மருத்துவர் கண்ணாடி ஒன்றைத் தொண்டைக்குள் நீட்டி, சூரிய வெளிச்சத்தை அதில் திருப்பித் தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார்.

ஆனால் தொண்டையில் எழுவது இன்னும் குரல் ஆகவில்லை. நாகசுரக்காரர் கச்சேரிக்கு முன் சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பதம் பார்ப்பதைக் கேட்டிருப்பீர்கள். கீச்சென்று ஒரு வாத்துச் சத்தம். அதே சீவாளியை உலவில் செருகி ஊதினால் கோயில் வீதி நிறைகிறது. குரல்நாண்கள் சீவாளி என்றால், தொண்டையிலிருந்து உதடு வரை உள்ள பாதைதான் உலவு. ஆணுக்கு அது சுமார் 17 சென்டிமீட்டர், பெண்ணுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைவு. நாகசுரத்தின் உலவு ஆச்சா மரத்தில் கடைந்தது, வளையாது. நம்முடையது ஈரச் சதையால் ஆனது. நாக்கு எழுந்தால் ஒரு வடிவம், உதடு குவிந்தால் இன்னொன்று. அதனால்தான் ஒரே தொண்டைச் சத்தத்தை 'ஈ' ஆகவும் 'ஊ' ஆகவும் மாற்ற முடிகிறது.

இதற்குள் ஒளிந்திருக்கும் அதிசயத்தைக் கேட்க எந்த ஆய்வகத்துக்கும் போக வேண்டாம். சுருதி கூட்டிய தம்பூரா ஒன்று போதும். நாலு தந்திகள். பஞ்சமம், இரண்டு ஸட்ஜம், கடைசியாக மந்தரம். காந்தாரத்துக்கென்று தந்தியே கிடையாது. ஆனாலும் ஜீவாளி நூல் சரியான இடத்தில் உட்கார்ந்து மந்தரத் தந்தி ரீங்கரிக்கத் தொடங்கினால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் மேலே மிதந்து வரும். சுயம்பு என்று பெரியவர்கள் பெயர் வைத்தது அதனால்தான். கணக்கு இதுதான்: மந்தர ஸட்ஜம் நொடிக்கு 100 முறை அதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தந்தி 100 மட்டும் அதிர்வதில்லை. கூடவே 200, 300, 400, 500 என்று மடங்குகளிலும் அதிர்கிறது. 200 ஸட்ஜம், 300 பஞ்சமம், 400 மறுபடி ஸட்ஜம், 500 அந்தர காந்தாரம். அதற்கு மேலும் போய்க்கொண்டே இருக்கும்.

மனிதக் குரலும் அப்படித்தான். ஐந்து கட்டை சுருதியில் ஒரு பெண் நடு ஸட்ஜம் பிடித்தால் நொடிக்கு 196 அதிர்வு. அவர் பாடுவது அந்த ஒரு ஸ்வரம்தான் என்று நமக்குத் தோன்றும். உண்மையில் இருபது முப்பது துணை ஒலிகள் கூடவே கிளம்புகின்றன. அவற்றில் எதை உரக்கச் சொல்வது, எதை அமுக்குவது என்பதை அந்தந்த உடம்பின் உலவு தீர்மானிக்கிறது. அண்ணத்தின் வளைவு, நாக்கின் கனம், தொண்டைக்குழியின் அகலம் எல்லாம் அதில் கைவைக்கும். கீழ்த்தட்டு ஒத்ததிர்வுகள் இரண்டும் உயிரெழுத்தை உண்டாக்குகின்றன. அவை எல்லோருக்கும் ஓரளவு பொது, இல்லாவிட்டால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாது. மேல்தட்டில் இருப்பவையே பெரும்பாலும் ஆளைக் காட்டிக்கொடுப்பவை. அம்மா கேட்டது 'ஏ'யை அல்ல, 'ஏ'க்கு மேலே இருந்ததை.

இனி, பாடகிகளை நாம் எப்படிப் புகழ்கிறோம் என்பதைப் பற்றி ஒரு குறை. எல்லோருக்கும் ஒரே பட்டம், குயில். கொடுமுடி கோகிலம், சின்னக்குயில், இன்னும் எத்தனையோ. முதலாவது, மரத்தில் உட்கார்ந்து 'கூ...ஊ' என்று நாம் உருகும்படி கூவுவது ஆண் குயில். பெண் குயில் எழுப்புவது 'கிக்-கிக்-கிக்' என்ற படபடப்பான சத்தம். இரண்டாவது, இந்தப் பட்டம் இனிமையைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை. கே.பி.சுந்தராம்பாளையும் சித்ராவையும் ஒரே சொல்லில் அடக்கும் பட்டத்துக்குக் காது இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

சுந்தராம்பாள் 1908இல் கொடுமுடியில் பிறந்தவர். சிறு வயதிலேயே நாடக மேடை ஏறியவர். ஒலிபெருக்கி வருவதற்கு முந்தைய மேடை அது. கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சாகித்தியம் கேட்க வேண்டும். வெறுமனே கத்தினால் நடக்காது. நம் காதுத்துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு சிறு குழாய். நொடிக்கு 3000 அதிர்வுகளை ஒட்டிய ஒலிகளை அது தானாகவே பெருக்கிக் கொடுக்கும். குரல்நாண்கள் சட்டென்று, அறைந்து சாத்துவதுபோல் மூடினால் மேல்தட்டுத் துணை ஒலிகளுக்கு வலு கூடும். அந்த வலு காது அகலத் திறந்து வைத்திருக்கும் அதே வாசலில் வந்து நுழையும். ஒலிவாங்கியில்லாத மேடையில் பழகிய குரல்களுக்கெல்லாம் அந்தக் கணீர் வந்தது இப்படித்தான். 1953இல் வந்த 'ஔவையார்' படத்தைப் போட்டுக் கேளுங்கள். ஒலிவாங்கி எதிரில் இருக்கிறது. அவரோ இன்னும் கடைசி வரிசைக்குத்தான் பாடுகிறார்.

ஒலிவாங்கி வந்த பிறகு வேறு வகைக் குரல்களுக்கு வாசல் திறந்தது. நாண்கள் முழுக்க மூடாமல் ஓர் இழை இடைவெளி விட்டால் மூச்சு கசிந்து பாட்டோடு கலக்கும். நாடகக் கொட்டகையில் அது மூன்றாம் வரிசையைத் தாண்டாது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அதுவே காதோடு பேசுவதுபோல் ஆகிவிடும். பாலக்காட்டு மாவட்டத்தில் பிறந்து, 'கருத்தம்மா'வுக்காகத் தேசிய விருது பெற்று, 2010இல் 37 வயதிலேயே போய்விட்ட ஸ்வர்ணலதாவின் குரலில் அந்தக் கசிவு உண்டு. அதைத் துடைத்து எடுத்துவிட்டால் ஸ்வர்ணலதா இல்லை. எல்.ஆர்.ஈஸ்வரி வேறு வழியில் போனார். சொல்லைத் தொடங்கும் இடத்திலேயே ஒரு வெட்டு, முடிக்கும் இடத்தில் ஒரு சிரிப்பு. ஒரு குரலின் முதல் இருபதில் ஒரு பங்கு நொடியில் எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு அவரே பாடம்.

எஸ்.ஜானகியிடம் நடப்பது இன்னும் விசித்திரம். '16 வயதினிலே' படத்துக்காகத் தேசிய விருது வாங்கிய அதே தொண்டை, குழந்தையாகவும் கிழவியாகவும் பாடியிருக்கிறது. குழந்தைக் குரல் என்றால் சுருதியை ஏற்றினால் போதும் என்று நினைப்போம். ஏற்றிப் பாருங்கள், மிமிக்ரி மாதிரி இருக்கும். குழந்தையின் உலவு குட்டை. குரல்வளையை மேலே தூக்கி, உதட்டை இருபக்கமும் இழுத்து, நாக்கை முன்னே தள்ளினால் பெரியவரின் பாதையும் குறுகும்; ஒத்ததிர்வுகள் எல்லாம் மேலே ஏறும். அப்போதுதான் குழந்தை வரும். இதைத் தாளம் தப்பாமல், ஸ்வரம் நழுவாமல் செய்ய வேண்டும். வாசிக்கும்போதே நாகசுரத்தின் நீளத்தை வெட்டிக் குறைத்துக்கொண்டே போகும் வித்துவான் யாராவது உண்டா?

உஷா உதூப் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1947இல் பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். பெண்பிள்ளைக்கு இந்தக் குரல் பொருந்தாது என்று பள்ளியில் பாட்டு வகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1969இல் சென்னை மவுண்ட் ரோட்டில் 'நைன் ஜெம்ஸ்' விடுதியில் காஞ்சிபுரம் பட்டுடுத்தி மேடையேறி அதே அடிக்குரலில் பாடினார். அவருக்குக் குறைபாடு எதுவும் இல்லை. நாண் கொஞ்சம் நீளமாக, கொஞ்சம் தடிமனாக அமைந்தால் மெதுவாக அதிரும், அவ்வளவுதான். ஆண் குரலும் பெண் குரலும் இயற்கையில் இரண்டு தனித்தனிப் பெட்டிகள் இல்லை. ஒன்றின் ஓரம் மற்றதன் மேல் ஏறிக் கிடக்கும். பெட்டி செய்தது வகுப்பறைதான்.

இத்தனையையும் பிரித்துக் கேட்கும் மூளையைப் பற்றி ஒரு வார்த்தை. காதுக்கு மேலே, பொட்டெலும்புக்கு உள்பக்கம், மனிதக் குரலுக்கென்றே துடிக்கும் பகுதிகள் இருப்பதை பாஸ்கல் பெலின் குழுவினர் 2000இல் காட்டினார்கள். மணிச்சத்தமோ காற்றின் சத்தமோ கேட்டால் அந்த இடம் அவ்வளவாக அசையாது. பிறந்து மூன்று நாள் ஆகாத குழந்தைகள்கூட, காம்பைச் சூப்பும் வேகத்தை மாற்றினால் தாயின் குரல் கேட்கும் என்று ஏற்பாடு செய்தபோது, அதற்கேற்பச் சூப்பும் தாளத்தை மாற்றிக்கொண்டன. அது 1980இல் நடந்த சோதனை. இதற்கு மாறாக, சொல்வதெல்லாம் புரிந்தும் சொல்வது யார் என்று மட்டும் தெரியாதவர்களும் உண்டு. போனில் பெற்ற மகள் பேசினாலும் பெயர் சொன்னால்தான் தெரியும்.

இனிதான் நான் சொல்ல வந்தவரிடம் வருகிறேன். பொழியூரிலிருந்து கிழக்கே உள்நாட்டுப் பக்கம் போனால் பாறசாலை. இந்தப் பக்கமெல்லாம் நெய்யாற்றின்கரைத் தாலுகா. 1956இல் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்துக்குப் போனபோது நாங்கள் கேரளத்தில் நின்றுவிட்டோம். எல்லை போட்டவர்களுக்குப் பேச்சு எந்த மொழியில் முடிந்து எந்த மொழியில் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடிந்திருக்காது; எங்களுக்கே தெரியாது. அந்தப் பாறசாலையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் 1924 நவம்பரில் பிறந்தவர் பொன்னம்மாள்.

திருவனந்தபுரத்தில் ஸ்வாதித் திருநாள் இசைப்பள்ளி 1939இல் தொடங்கியபோது அங்கே சேர்ந்த முதல் மாணவி இவர். கற்றுக்கொடுத்தவர்கள் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாச ஐயரும். 18 வயதில் காட்டன்ஹில் பெண்கள் பள்ளியில் பாட்டு ஆசிரியை. பிறகு, படித்த இசைப்பள்ளியிலேயே முதல் பெண் ஆசிரியர். கடைசியில் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியின் முதல்வர். பாடியதைவிடப் பாட வைத்ததுதான் அதிகம் என்று சொல்லும்படியான வாழ்க்கை. வெளியுலகம் அவரைத் திரும்பிப் பார்த்தபோது வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டி நவராத்திரி மண்டபம் இருக்கிறது. விளக்கொளியில், கைதட்டல் இல்லாமல், ஒன்பது நாளும் ஸ்வாதித் திருநாளின் நவராத்திரி கீர்த்தனைகள் நாளுக்கு ஒன்றாகப் பாடப்படும் இடம். அந்த நவராத்திரிக்கென்று பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகிறார்கள். குழித்துறையில் ஓரிரவு, நெய்யாற்றின்கரையில் ஓரிரவு. எங்கள் பாறசாலை வழியாகத்தான் போக வேண்டும். மூவரில் இருவர் பெண்கள். அந்த மண்டபத்தில் பெண் பாடும் வழக்கம் மட்டும் இருந்ததில்லை. அரச குடும்பத்து இசைக் கலைஞர் ராம வர்மா முன்கை எடுக்க, 2006இல் அந்த நிலை மாறியது. உட்கார்ந்து பாடியவர் பொன்னம்மாள். வயது 81.

இங்கே அறிவியல் கேட்கும் கேள்வி: 81 வயதில் ஒரு பெண்ணின் தொண்டையில் என்ன மிச்சமிருக்கும்? மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது குரல்நாணின் உறை தடிக்கிறது, சுருதி இறங்குகிறது. ஆண்களுக்கோ முதுமையில் நாண் மெலிந்து சுருதி ஏறும். அதனால்தான் தாத்தாவும் பாட்டியும் போனில் சில நேரம் ஒருவர்போல் இன்னொருவர் கேட்கிறார்கள். பிறகு தசை வற்றுகிறது. மடிப்புகள் நடுவில் வளைந்து, மூடினாலும் சந்து விடுகின்றன. குருத்தெலும்பு எலும்பாக இறுகுகிறது. நுரையீரலின் துள்ளல் குறைகிறது. நிறுத்திப் பிடித்த ஸ்வரத்தில் நடுக்கம் தட்டுகிறது. பட்டியல் நீளம், ஆறுதல் ஒன்றுதான்: நாள் தவறாமல் சாதகம் செய்த தொண்டையில் இதெல்லாம் தாமதமாக வரும், சிலவற்றுக்கு மாற்றுவழியும் கிடைக்கும்.

பொன்னம்மாளின் முதுமைக் காலப் பதிவுகளில் வயது கேட்கிறது. கேட்கவில்லை என்று சொல்வது பொய் மரியாதை. மேல்ஸ்தாயியில் விளிம்பு உதிர்கிறது. மூச்சு கலக்கிறது. ஆனால் அவர் பாணி நிதானமான காலப்பிரமாணம். ஒரு கமகம் எங்கே தொடங்கி, எதைத் தொட்டு, எங்கே இறங்குகிறது என்று விரல்விட்டு எண்ணலாம். வேகமாகப் பாடுபவரின் அடையாளம் பெரும்பாலும் குரலின் நிறத்தில் இருக்கும். இப்படி நிதானமாகப் பாடுபவருக்கு அது ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குப் போகும் பாதையிலும் படிந்துவிடும். அந்தப் பாதை தசையின் சொத்து அல்ல, மூளையின் சொத்து. உறை தடித்தாலும் அது மாறாது. குரலின் பளபளப்பு போன பிறகும் இரண்டு சங்கதிக்குள் இன்னார் என்று தெரிகிறதே, அதையே நான் தனிக்குரல் என்பேன். இனிமை பலருக்கு இருக்கிறது.

நீளக் கணக்கு பின்னால் வேண்டியிருக்கும் என்று சொன்னேன். அந்த மண்டபத்தில் அதுவரை பாடிய வித்துவான்களின் நாணுக்கும் பொன்னம்மாளின் நாணுக்கும் உள்ள வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான். 81 வயதுப் பெண்ணின் சுருதி இறங்கியிருக்கும் என்பதையும் சேர்த்தால் ஒலியில் இருந்த வித்தியாசம் இன்னும் குறைவு.

2017இல் பத்மஸ்ரீ வந்தது. 2021 ஜூன் 22 அன்று திருவனந்தபுரத்தில் 96 வயதில் காலமானார்.

அவர் எண்பதுகளில் பாடிய கச்சேரிகள் இணையத்தில் கிடைக்கின்றன. கேட்பதானால் போன் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். அந்தக் குட்டி ஸ்பீக்கரால் கீழ்ஸ்தாயியை எழுப்ப முடியாது. இல்லாத ஸட்ஜத்தை மேலே உள்ள துணை ஒலிகளிலிருந்து மூளை தானே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும், நீங்கள் கேட்பது பாதி உங்கள் கற்பனையாக இருக்கும். ஒரு ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். தம்பூராவில் அந்தர காந்தாரம் எழும் வரை பொறுங்கள். பிறகு அவர் வாய் திறக்கட்டும்.